கடலோர மனை, தோப்பு, வாடகை: வரிக் கேள்விகளுக்குப் பதில்கள்

மண்டபம் முதல் தொண்டி வரை கடலோரத்து வாசகர்களிடமிருந்து நிலம், வரி சம்பந்தமாக வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம். 2025-26 நிதியாண்டில் நடந்த விற்பனைகளுக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே சொல்கிறோம்.

கேள்வி: பட்டணம்காத்தான் பக்கம் 2012 ஆகஸ்டில் ஒரு மனை வாங்கினேன். பத்திரச் செலவெல்லாம் சேர்த்து ரூ. 3,24,000 ஆயிற்று. இந்த ஜனவரியில் ரூ. 14 லட்சத்துக்கு விற்றேன். மாதம் 45,000 பென்ஷன் தவிர வேறு வருமானம் இல்லை. “12 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது, உங்க லாபம் பதினொண்ணுகூட இல்லையே டீச்சர்” என்கிறார் புரோக்கர். சரியா? எனக்கு வயது 64.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, ராமநாதபுரம்

பதில்: சரியில்லை. புரோக்கர் பேச்சை நம்பிச் சும்மா இருந்தீர்கள் என்றால் நோட்டீஸ் வரும். 12 லட்சம் வரை கிடைப்பது விலக்கு அல்ல, தள்ளுபடி. சம்பளம், பென்ஷன், வட்டி போல சாதாரண விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்குத்தான் அது உண்டு. நிலம் விற்ற நீண்டகால மூலதன ஆதாயத்துக்குத் தனி விகிதம் என்பதால் தள்ளுபடி அதைத் தொடாது. இன்னொரு அடியும் இருக்கிறது. ஆதாயத்தையும் சேர்த்து மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால், பென்ஷனுக்குக் கிடைத்துவந்த தள்ளுபடியும் அந்த ஆண்டுக்குப் போய்விடும்.

உங்கள் கணக்கு இது. பென்ஷன் ஆண்டுக்கு 5,40,000. நிலையான கழிவு 75,000 போக 4,65,000. புதிய வரி முறையில் (நியூ ரெஜிம்) முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, மீதி 65,000-க்கு 5 சதவீதம் என்றால் 3,250. மனையில் ஆதாயம் 14,00,000-லிருந்து 3,24,000 போக 10,76,000. இதற்கு 12.5 சதவீதம் 1,34,500. இரண்டும் சேர்த்து 1,37,750. அதன் மேல் 4 சதவீத செஸ் 5,510. மொத்தம் ரூ. 1,43,260.

2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய நிலத்துக்கு, உள்நாட்டில் வசிக்கும் தனிநபர் இன்னொரு வழியிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பணவீக்கக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு, மீதிக்கு 20 சதவீதம். குறியீடு 2012-13-க்கு 200, 2025-26-க்கு 376. உங்கள் 3,24,000 அப்போது 6,09,120 ஆகிறது. ஆதாயம் 7,90,880, வரி 1,58,176. ஆக உங்களுக்கு 12.5 சதவீதமே லாபம்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. 2012-13-ல் வாங்கி 2025-26-ல் விற்றவருக்கு, விலை சுமார் 3.35 மடங்குக்கு மேல் ஏறியிருந்தால்தான் 12.5 சதவீதம் நல்லது. அதற்குக் கீழே என்றால் குறியீட்டோடு 20 சதவீதம். 2018-19-ல் வாங்கியவருக்கு அந்தக் கோடு 1.9 மடங்கு, 2005-06-ல் வாங்கியவருக்கு 6.9 மடங்கு. நம் மாவட்டத்தில் உள்கிராமத்து மனைகள் பல மெதுவாகத்தான் விலை ஏறியிருக்கின்றன. உதாரணத்துக்கு, அதே 2012-13-ல் 5,40,000 போட்டு வாங்கியதை 11 லட்சத்துக்கு விற்றவர் 12.5 சதவீத வழியில் போனால் 70,000 கட்ட வேண்டும். குறியீட்டு வழியில் 16,960 போதும். இரண்டையும் போட்டுப் பார்க்காமல் ரிட்டர்ன் போடக் கூடாது.

வரியைத் தவிர்க்க வேண்டுமானால் 54இசி கடன் பத்திரம் இருக்கிறது. ஆர்இசி, பிஎஃப்சி போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆதாயத்தை அதில் போட வேண்டும், உச்சவரம்பு 50 லட்சம். ஒரு பத்திரம் 10,000 என்பதால் நீங்கள் 10,80,000 போட்டால் முழு விலக்கு. வட்டி 5.25 சதவீதம்தான், ஐந்து ஆண்டு எடுக்க முடியாது, அடமானம் வைத்துக் கடன் வாங்கினாலும் விலக்கு பறிபோகும். வரியைக் கட்டிவிட்டு மீதியை, 2025-26 முழுவதும் 8.2 சதவீதம் தந்த மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20,000 கூடுதலாக வட்டி வரும். ஐந்து ஆண்டில் ஒரு லட்சம். மிச்சமாகும் வரி 1.43 லட்சம். ஆகக் கடன் பத்திரம் 40,000 சொச்சம் முன்னே நிற்கிறது. கையில் வேறு அவசரப் பணம் இருந்தால் பத்திரத்தில் போடுங்கள். இந்தப் பணம்தான் மருத்துவச் செலவுக்கும் என்றால் வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதே மேல் என்பது எங்கள் கருத்து.

வேலி, காம்பவுண்டுச் சுவர் கட்டிய செலவுக்கு ரசீது இருந்தால் அதையும், புரோக்கருக்கு வங்கி வழியாகக் கொடுத்த கமிஷனையும் ஆதாயத்தில் கழிக்கலாம். 60 வயதைத் தாண்டிய, தொழில் வருமானம் இல்லாதவர் என்பதால் உங்களுக்கு முன்கூட்டிய வரி கிடையாது. ஜூலை 31-க்குள் வரியைக் கட்டி ஐடிஆர்-2 தாக்கல் செய்தால் வட்டி விழாது. வயது குறைந்தவர்கள் மார்ச் மாதத்துக்குள் கட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். உச்சிப்புளி பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. என்ஆர்இ கணக்கிலிருந்து பணம் அனுப்பி என் பெயரில் வாங்க முடியுமா? முடியாது என்றால் மச்சான் பெயரில் வாங்கிப் போட்டுவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா?
— பெரியபட்டினம் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் அது விவசாய நிலம்தான், தென்னை காய்த்தாலும் காய்க்காவிட்டாலும். வாப்பா, உம்மா வழியில் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். அதை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

மச்சான் பெயர் யோசனை இதைவிட ஆபத்து. பணம் உங்களுடையது, பெயர் அவருடையது, பலன் உங்களுக்கு என்றால் அது பினாமி. மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்கில் வந்த பணத்தைப் போட்டு வாங்குவதைப் பினாமிச் சட்டம் விட்டுவிடுகிறது. உடன்பிறந்தவரோடு கூட்டாக வாங்கினாலும் விடுகிறது. மச்சானுக்கு அந்த விலக்கு இல்லை. 2016 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை, சொத்து பறிமுதலோடு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். பறிமுதல் ஆனால் மச்சான்–மாப்பிள்ளை உறவும் சேர்ந்தே போகும். ஊரில் இருக்கும் மனைவிக்கு உண்மையாகவே நன்கொடையாகக் கொடுத்து அவர் வாங்கலாம். ஆனால் பின்னால் விற்கும்போது வரும் ஆதாயம் உங்கள் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும்.

உங்கள் பெயரிலேயே வேண்டும் என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற வீட்டுமனை வாங்குங்கள், தடை எதுவும் இல்லை. வாங்கும்முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 20 சதவீதக் குறியீட்டு வழி கிடையாது, 12.5 மட்டும்தான். 4 லட்சம் அடிப்படை விலக்கை நீண்டகால ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது. விற்கும்போது வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்தால் போதும் என்று நினைப்பார். அது உள்நாட்டில் வசிப்பவர் 50 லட்சத்துக்கும் அதற்கு மேலும் விற்கும்போது உள்ள விதி. உங்களிடம் வாங்குபவர், விலை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மூலதன ஆதாய விகிதத்திலேயே பிடித்தாக வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாததால் முழு விலையிலும் பிடித்துவிடுவார். அதைத் தவிர்க்க, கிரயத்துக்கு முன்பே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அக்ரிமென்ட் போட்ட கையோடு விண்ணப்பித்தால்தான் கிரயத் தேதிக்குள் கிடைக்கும்.

கேள்வி: திருப்பாலைக்குடி அருகே நான்கு ஏக்கர் பட்டா நிலம். ஒன்றரை ஏக்கரில் இறால் குட்டை, குத்தகைக்கு விட்டிருக்கிறேன். மீதியில் சீமைக்கருவேலம். கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு விறகு விற்பேன். பக்கத்துப் பேரூராட்சி எல்லை 8 கி.மீ.க்கு அப்பால். 22 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். கிராமத்து விவசாய நிலம் விற்றால் வரியே இல்லை என்கிறார்களே?
— தொண்டி வட்டார வாசகர்

பதில்: அந்த விலக்கு உண்மைதான். ஆனால் இரண்டு சோதனையில் தேற வேண்டும்: இடம், உழவு.

இடத்தில் நீங்கள் தேறிவிட்டீர்கள். மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து 2 கி.மீ. தாண்டியிருக்க வேண்டும். ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் நான்கும் 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குள் வந்தவை, ஆகவே நம் மாவட்டத்தில் இந்த 2 கி.மீ. அளவே பொருந்தும். தூரம் சாலை வழியில் அல்ல, வான்வழியில் நேர்கோட்டில். பஸ் ஸ்டாண்டிலிருந்து அளக்கக் கூடாது, ஊர் எல்லைக்கல்லிலிருந்து அளக்க வேண்டும். பேரூராட்சியை மறந்துவிட்டுப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிக்கல் உழவில். பட்டாவில் புஞ்சை என்று இருப்பது வரி விலக்குக்குப் போதாது, நிலத்தில் விவசாயம் நடந்திருக்க வேண்டும். 1957-ல் ராஜா பினய் குமார் சஹாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல்தான் இன்றைக்கும்: உழுவது, விதைப்பது, நடுவது போல மண்ணில் மனித உழைப்பு இருந்தால்தான் விவசாயம். தானாக முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்டி விற்பது அதில் வராது. இறால் வளர்ப்பும் விவசாயம் அல்ல. குட்டைக் குத்தகைப் பணத்துக்கும் விறகுப் பணத்துக்கும் வரி உண்டு. விவசாய வருமானம் என்று ரிட்டர்னில் காட்டியிருந்தால் திருத்த வேண்டும்.

அடங்கலை எடுத்துப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலிக்கும் (வருவாய்த் துறை ஆண்டு) எழுதும் பயிர்ப் பதிவேடு அது. கடைசி மூன்று நான்கு பசலியில் “தரிசு” என்றோ “கருவை” என்றோ இருந்தால் அதிகாரி விலக்கை மறுப்பார், அவர் செய்வதிலும் தவறில்லை. விற்க அவசரம் இல்லை என்றால் கருவையை வேரோடு எடுத்துவிட்டு மானாவாரி மிளகாயோ நெல்லோ போடுங்கள். முண்டு மிளகாய்க்கு ஏற்ற மண்தானே நம்முடையது. விதை, உழவுக்கூலி ரசீது, பயிர்க் காப்பீட்டுச் சீட்டு, கமிஷன் மண்டிச் சீட்டு எல்லாம் சேரட்டும், அடங்கலில் பயிர் ஏறட்டும். பெயருக்கு ஒரு போகம் தூவிவிட்டு உடனே விற்பது எடுபடாது. குட்டை உள்ள ஒன்றரை ஏக்கரைத் தனி உட்பிரிவாக அளந்து, தனிப் பத்திரமாக விற்பது நல்லது. ஒரே பத்திரமாகப் போட்டால் குட்டையைக் காரணம் காட்டி முழுத் தொகைக்கும் வரி கேட்க இடம் கொடுத்தது போலாகும். குட்டைக்குக் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்றும் வாங்குபவர் கேட்பார், எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஏர்வாடி பக்கம் ‘கடல் தெரியும் மனை’ என்று விளம்பரம் பார்த்து ஒரு பிளாட் பேசியிருக்கிறோம். விலை 9 லட்சம், வழிகாட்டி மதிப்பு 5 லட்சம். பத்திரத்தில் 5 போட்டுக்கொண்டு மீதி 4-ஐ ரொக்கமாகக் கொடுத்தால் செலவு மிச்சம் என்கிறார் புரமோட்டர். என் நகையை விற்றுத்தான் வாங்குகிறேன்.
— கீழக்கரை வாசகி

பதில்: முதலில் அந்த மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 4 லட்சத்தை மறைத்தால் 36,000 மிச்சம். பின்னால் அதை 15 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். பத்திரத்தில் இல்லாத 4 லட்சத்தை வாங்கிய விலையாகக் காட்ட முடியாது. அதற்கு 12.5 சதவீதம் 50,000, செஸ்ஸோடு 52,000 கூடுதல் வரி. இன்று 36,000 மிச்சம் பிடித்து நாளை 52,000 கட்டுவீர்கள். புரமோட்டருக்கோ இன்றே லாபம். அவர் கணக்கில் 4 லட்சம் வருமானம் குறைகிறது.

சட்டமும் இடம் கொடுக்காது. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். கொடுத்த உங்களிடம் இந்த 4 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நகை விற்ற பில்லும் வங்கி வரவும் இருக்கும்போது வெள்ளைப் பணத்தை நீங்களே கறுப்பாக்கிக்கொள்வது எதற்கு?

உங்களுக்கு நேர்வழியிலேயே ஒரு சலுகை இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் வரையிலான சொத்து பெண் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. உங்கள் பெயரில் முழு 9 லட்சத்தையும் காட்டினால் 8 சதவீதம், 72,000. வீட்டுக்காரர் பெயரில் போனால் 81,000.

எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை ‘கடல் தெரியும்’ என்பதில். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, சதுர கி.மீ.க்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் அதை 50 மீட்டராகக் குறைக்கிறது. உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்பது வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். அலை ஏறி இறங்கும் ஓடை, கழிமுகம் ஓரமாக இருந்தாலும் கட்டுப்பாடு உண்டு, கடலையே பார்க்க வேண்டும் என்பதில்லை. பாரம்பரியக் கடலோர மக்களின் குடியிருப்புக்கு நிபந்தனையோடு இடமிருக்கிறது. முதலீட்டுக்கு வாங்குபவருக்கு இல்லை. மனைப்பிரிவுக்கு டிடிசிபி அங்கீகாரம் இருக்கிறது என்பது இந்த அனுமதிக்கு ஈடாகாது.

ஆகவே முன்பணம் கொடுக்கும்முன் சர்வே எண்ணும் புலப்பட நகலும் வாங்கி, கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டுமனையாகப் பதிவானதா, வரன்முறை ஆனதா என்று வில்லங்கச் சான்றில் பாருங்கள். இல்லையென்றால் பதிவே நடக்காது.

நகை விஷயத்துக்கும் இது தொடர்புடையது. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றாலும் 12.5 சதவீத வரி உண்டு. விற்ற பணம் முழுவதையும் போட்டு மூன்று ஆண்டுக்குள் வீடு கட்டினால் 54எஃப் பிரிவில் விலக்கு (விற்ற நாளில் உங்கள் பெயரில் ஒன்றுக்கு மேல் வீடு இருக்கக் கூடாது). வெறும் மனைக்கு விலக்கு இல்லை. கட்டவே முடியாத மனையை வாங்கினால் நிலமும் முடங்கும், விலக்கும் போகும்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் வீட்டு மாடியில் மூன்று அறை. இதுவரை மாத வாடகை. புதிய பாம்பன் பாலம் வந்தபின் யாத்ரீகர் கூட்டம் அதிகம் என்பதால் நாள் வாடகைக்கு மாற்ற நினைக்கிறேன். வரியில் என்ன மாறும்?
— ராமேஸ்வரம் வாசகர்

பதில்: மாத வாடகை ‘வீட்டுச் சொத்து வருமானம்’. கட்டிய சொத்து வரியைக் கழித்த பின் 30 சதவீதம் கேள்வி கேட்காமல் கழிவு. படுக்கை மாற்றி, அறை பெருக்கி, காபி கொடுத்து நாள் வாடகை வாங்கினால் அது தொழில் வருமானம், 30 சதவீதக் கழிவு இல்லை. பதிலுக்கு 44ஏடி பிரிவில், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்ததில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினாலே போதும். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். ஜிஎஸ்டி பதிவு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

வருமான வரியைவிட உங்களைக் கடிக்கப்போவது மற்ற இரண்டு: வீட்டு மின் இணைப்பு வணிகக் கட்டணத்துக்கு மாறும், நகராட்சிச் சொத்து வரியும் வணிக விகிதத்துக்குப் போகும். மாடிக்குத் தனி மீட்டர் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரே இணைப்பு என்று கீழ்வீட்டுக்கும் சேர்த்து வணிகக் கட்டணம் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: வாப்பா 1994-ல் வாங்கிய மனையை எனக்கு செட்டில்மென்ட் எழுதித் தருகிறார். நான் அதை ஆறே மாதத்தில் விற்றால் குறுகியகால லாபம் ஆகிவிடுமா?
— மண்டபம் வாசகர்

பதில்: ஆகாது. வாப்பா வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும், ஆகவே நீண்டகாலம்தான். வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்புக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்று நகல் வாங்கி, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கையும் எடுத்து வையுங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், அதிகபட்சம் 10,000. பதிவு முடிந்ததும் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டே விற்பனைக்குப் பேசுங்கள். பட்டா பழைய பெயரில் கிடந்தால் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்காது, அந்தச் சாக்கில் விலையைக் குறைப்பார்.